கப்பல் கம்பி போட்ட பிளேட்

1. முதல் ஓலை

திங்கட்கிழமை காலை அலுவலகம் திறந்தபோது திரேசம்மா ரீச்சர் வாசலில் கிடந்த மர வாங்கில் உட்கார்ந்திருந்தார். முந்தின நாள் பூசையில் அவருடைய மகள் பிலோமினாவுக்கு முதல் ஓலை, அதாவது கலியாண அறிவித்தல், வாசித்திருந்தார்கள். கத்தோலிக்கக் கோயிலில் மூன்று ஞாயிறு ஓலை வாசித்தால் பிறகு கலியாணம்தான். ஆனால் சீதன வீடு மகளின் பெயருக்கு எழுதப்படாமல் தாலி கட்டுவதில்லை என்று மாப்பிள்ளை வீட்டார் சொல்லியிருந்தார்கள். வீட்டை வாங்கி எழுத எங்கள் சங்கத்தின் கடன் வேண்டும். கடனுக்கு என்னுடைய அறிக்கை வேண்டும். அறிக்கையை நான் கொடுத்துவிட்டேன். மனேச்சர் அதைப் படித்துவிட்டுக் கோப்பைத் திருப்பிவிட்டார்.

அது எழுபதுகளின் தொடக்கம். திருகோணமலையில் வீட்டுக் கடன் கொடுக்கும் ஒரு கூட்டுறவுச் சங்கத்தில் நான் வீடு பார்க்கும் உத்தியோகத்தன். யாராவது கடன் கேட்டால், அவர்கள் வாங்கப்போகும் வீட்டை நேரில் பார்த்து எழுத வேண்டும். அதற்கு முன் ஒரு கொழும்புப் பத்திரிகைக்கு இந்த ஊர் நிருபராக இருந்தேன். கட்டட வேலை மேற்பார்க்கும் ஓவசியர் படிப்பும் கையில் இருந்ததால் சங்கம் என்னை எடுத்தது. பத்திரிகை வேலையில் பழகிய ஒன்று வீடு பார்க்கவும் உதவியது. கண்டதையும் கேட்டதையும் ஒரே வசனத்தில் எழுதக்கூடாது.

திரேசம்மா நகரத்தில் வாடகை வீட்டில் தையல் வகுப்பு நடத்திப் பிள்ளையை வளர்த்தவர். கணவர் இல்லை. அவர் குரலை உயர்த்தவில்லை.

"தம்பி, வீடு கூடாது எண்டு எழுதினீங்களோ?"

"இல்லை ரீச்சர்."

"அப்ப நல்லதெண்டு எழுதினீங்களோ?"

"அதுவும் இல்லை. முன் அறைப் பிளேட்டை ஒரு இடத்தில வெட்டிப் பார்க்காமல் சிபாரிசு செய்ய ஏலாது எண்டு எழுதினனான்."

"நல்லதும் இல்லை, கூடாததும் இல்லை. இது என்ன எழுத்து? சட்டைக்கு அளவெடுக்கிறவள் அளவு தெரியாது எண்டு எழுதினா ஆரும் துணி தருவினமே?"

"அளவெடுக்க விடேல்லை எண்டா அப்பிடித்தான் எழுத வேணும், ரீச்சர்."

அவர் வாங்கிலிருந்து எழுந்தார். பிறகு, "சம்பந்தி வீட்டுக்காரர் பிளேட் வீட்டைப் பார்த்துத்தான் ஓமெண்டவை. பிளேட்டில பிழை எண்டா கலியாணத்தில பிழை. நீங்கள் விளங்கிக்கொண்டுதான் எழுதினீங்களோ?" என்றார்.

விளங்கித்தான் எழுதியிருந்தேன். எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்கு. மகளுக்கு வீடு இல்லாமல் கலியாணம் பேசுவதில்லை. கலியாணம் முடிந்ததும் முன் அறை மகளுக்கும் மருமகனுக்கும். தாய் பின்பக்கம் சமைக்கும் குசினியை ஒட்டிப் போய்விடுவார். இந்த வீட்டில் அந்த முன் அறைக்கு மேலேதான் பிளேட் இருந்தது. அந்தக் காலத்தில் பிளேட் என்றால் கொங்கிறீட் கூரை. ஊரில் ஓட்டு வீடுகள் நிறைய, பிளேட் போட்டவை விரல் விட்டு எண்ணக்கூடியவை.

2. முன் அறை

வீடு உப்புவெளியில், கரை வீதியிலிருந்து உள்ளே. உரிமையாளர் கணபதிப்பிள்ளை கப்பல் திருத்தும் டொக்யாட்டில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். ஊரில் அவருக்குக் கிரேன் மாமா என்று பெயர். மனைவி பூரணத்துக்குக் கிளிவெட்டியில் வயல் இருந்தது. இருவரும் அங்கே போய் இருக்கத்தான் கணபதிப்பிள்ளை வீட்டை விற்க நினைத்தார். நகரத்துப் பள்ளிக்கூடத்தில் படிப்பதற்காக அவருடைய பேத்தி அந்த வீட்டில் தங்கியிருந்தாள்.

வாங்குகிறவர்கள் வீட்டைப் பார்த்த நாளைச் சொல்ல வேண்டும். அது அந்தப் பேத்தி பெரியபிள்ளையானதற்கு நடத்திய சாமத்தியவீட்டு நாள். பெண் வீட்டாருக்கும் மாப்பிள்ளை வீட்டாருக்கும் அழைப்பு இருந்தது. வந்த காலோடு வீட்டையும் பார்த்துவிடுவோம் என்று மாப்பிள்ளையின் பெரியப்பா சூசைப்பிள்ளை சொல்லியிருக்கிறார். வீடு முழுவதும் வெள்ளை கட்டியிருந்தது. சலவைத் தொழில் செய்யும் கட்டாடியார் முன் அறை முகட்டில் வேட்டிகளை விரித்து மூலைக்கு மூலை இறுக்கிக் கட்டியிருந்தார். பந்தியில் இருந்து சாப்பிட்டவர்களுக்கு மேலே தெரிந்தது வெள்ளைத் துணி. சூசைப்பிள்ளை வெளியே போய்ப் பிளேட்டின் விளிம்பைப் பார்த்தார், சுவரில் இரண்டு தட்டுத் தட்டினார், நல்ல வீடு என்றார். பேச்சு முடிந்துவிட்டது.

எங்கள் ஊரில் இது அடிக்கடி நடப்பது. கொண்டாட்டத்துக்குப் போகும்போது வீடு பார்ப்பார்கள். அன்றைக்கு வீடு வெள்ளையடித்து, பிள்ளைகள் ஓடி, சமையல் மணத்தோடு இருக்கும். கிணற்றைச் சுற்றி அண்டா குண்டான் அடுக்கியிருக்கும்; யாரும் தண்ணீரை நக்கிப் பார்ப்பதில்லை. வீடு வாங்குகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது, விசேஷம் இல்லாத நாளில், கூப்பிடாத நேரத்தில் போங்கள் என்பதுதான்.

நான் போனபோது துணி இறங்கிவிட்டது. கோடையின் வறண்ட கச்சான் காற்று அடித்துக்கொண்டிருந்தது. மழை பெய்து மாதக்கணக்காகியிருந்தது. கணபதிப்பிள்ளை என்னை நேராக முன் அறைக்குக் கூட்டிப்போனார்.

"கிணறு, குசினி எல்லாம் பிறகு பாரும். முதல்ல இதைப் பாரும். வெள்ளைக்கார நேவி போகேக்க ஏலம் விட்டவங்கள். ஆக்கள் கதிரையும் அலுமாரியும் எடுத்தாங்கள். நான் வயர் றோப் எடுத்தனான்."

"எதுக்கு?"

"பிளேட்டுக்கு. உள்ளுக்குக் கிடக்கிறது கப்பல் கட்டின கம்பி. கப்பலையே பிடிச்ச கம்பி ஒரு வீட்டைப் பிடியாதே?"

அவர் எதையும் மறைக்கவில்லை. அதைச் சொல்லத்தான் காத்திருந்தார். துறைமுகத்தில் வேலை செய்தவர்கள் வயர் றோப்பை, அதாவது இரும்புக் கம்பிகளை முறுக்கித் திரித்த கயிற்றை, நம்பினார்கள். அது அறுந்தால் ஆள் சாகும் என்று அவர்களுக்குத் தெரியும். ஆகவே அறாத றோப்பை விடப் பலமான பொருள் உலகத்தில் இல்லை என்பது அவர்கள் முடிவு. அந்த நம்பிக்கையில் போடப்பட்ட பிளேட்டுகளை நான் பிறகும் இந்த ஊரில் இரண்டொரு இடத்தில் பார்த்தேன். வேறு ஊர்களில் பார்க்கவில்லை.

முகட்டில், பிளேட்டின் அடிப்பக்கத்தில், நான் கண்டவை இவை. புதிதாக அடித்த சுண்ணாம்பு சில இடங்களில் பிடிக்கவில்லை. பிடிக்காத இடங்கள் மஞ்சள் கலந்த மண்ணிறத்தில் வரிசையாக இருந்தன. மழை ஒழுக்கு என்றால் கறை வட்டமாகப் பரவும். இரும்பு துருப்பிடித்தால் சிவக்கும். இது இரண்டும் இல்லை. விரலால் தொட்டால் வழுக்கியது. முகர்ந்தால் டொக்யாட் மணம், அதாவது கிரீஸ் மணம். சுவரிலிருந்து சுவருக்கு நூல் பிடித்துப் பார்த்தேன். பிளேட்டின் நடுப்பகுதி நூலுக்குக் கீழே தொங்கியது.

பிளேட் கூடத்துக்கு மேலும் போயிருந்தது; அறைக்கும் கூடத்துக்கும் இடையில் அதன் கீழே ஒரு சுவர். செங்கல்லைக் குத்தாக வைத்துக் கட்டிய மெல்லிய சுவர், பாரம் தாங்கக் கட்டியதல்ல. அதில் இருந்த கதவு மூடவில்லை.

"மழைக்குப் பொருமியிருக்கு. சீவி விட்டாச் சரி," என்றார் கணபதிப்பிள்ளை.

"மழை எப்ப பெய்தது ஐயா?"

"மார்கழியில."

மழைக்கு இறுகும் கதவு கச்சானில் தளர வேண்டும். கச்சானில் இறுகும் கதவை மேலே இருந்து ஏதோ அழுத்துகிறது. வீடு பார்க்கப் போகிறவர்கள் கையில் ஒரு கருவியும் இல்லாமல் செய்யக்கூடிய சோதனை, எல்லாக் கதவையும் ஒருமுறை மூடித் திறப்பது. மூடாத கதவுக்கு வீட்டுக்காரர் சொல்லும் காரணத்தைக் கேட்டுக்கொள்ள வேண்டும். பிறகு அந்தப் பருவத்துக்கு அந்தக் காரணம் பொருந்துகிறதா என்று பார்க்க வேண்டும்.

பிளேட்டுக்குப் போடும் கம்பி கொங்கிறீட்டின் பிடியில் இருக்க வேண்டும். பிடி இல்லாவிட்டால் இரண்டும் தனித்தனி. வயர் றோப் கிரீஸில் ஊறியது; கொங்கிறீட் அதைப் பிடிக்காது. இது படிப்பில் சொன்னது. இந்தப் பிளேட்டுக்குள் அப்படித்தான் இருக்கிறதா என்பது வெட்டிப் பார்த்தால்தான் தெரியும். வெட்டலாமா என்று கேட்டேன்.

"விக்கிறதுக்கு முதல் என்ர வீட்டை உடைக்க நீர் ஆர்?" என்று கேட்டார். அதுவும் நியாயம்தான். நான் கண்டதை எழுதி, காணாததைக் காணவில்லை என்று எழுதிக் கொடுத்தேன்.

3. சுவர்

இரண்டாவது ஓலை வாசித்த மறுநாள் திரேசம்மா ஆள் அனுப்பினார். உப்புவெளி வீட்டுக்கு எல்லோரும் வருகிறார்கள், நானும் வர வேண்டும் என்று. சைக்கிளில் போனேன். திரேசம்மாவும் மகளும் வேம்புக்குக் கீழே நின்றார்கள். சூசைப்பிள்ளை கையை வீசிப் பேசிக்கொண்டிருந்தார். ஒரு மேசன் அலவாங்கு என்கிற கடப்பாரையோடு கூடத்தில் குந்தியிருந்தான்.

சூசைப்பிள்ளை என்னைப் பார்த்துச் சிரித்தார். "இந்தா, பேப்பர்காரர் வந்திட்டார். பேப்பரில எழுதின பொய் போதாதெண்டு இப்ப வீட்டில எழுதுறார்."

"நான் எழுதினதில எது பொய் எண்டு சொல்லுங்கோ, திருத்துறன்."

"நான் படிச்சாத்தானே சொல்ல."

கணபதிப்பிள்ளை சிரித்தார். பிலோமினாவும் சிரிப்பை அடக்கியதைக் கண்டேன்.

மேசன் எதற்கு என்று கேட்டேன். சூசைப்பிள்ளை கூடத்துக்குள் போய் அந்த மெல்லிய சுவரில் கையை வைத்தார். "இந்தச் சுவரை எடுக்கப்போறம். எடுத்தா முன் அறையும் கூடமும் ஒண்டாகும். கலியாணத்துக்கு ரெண்டு பந்தி ஒரே தரத்தில வைக்கலாம். சங்கம் கடன் தராட்டி நாங்கள் வேற இடத்தில காசு மாறுறம். கணபதியண்ணை சம்மதம் தந்திட்டார்."

"பந்தியில எத்தினை பேர் இருப்பினம்?" என்று கேட்டேன்.

"ஊர் முழுக்க."

"பிளேட்டுக்குக் கீழ?"

"பின்ன வேலிக்குக் கீழேயே?"

எனக்கு அந்த நேரத்தில் சொல்ல வேண்டியது ஒன்றுதான் இருந்தது. அதைச் சொன்னேன். பிளேட் அந்தச் சுவரில் இறங்கி உட்கார்ந்திருக்கிறது என்பதற்கு அந்தக் கதவு சாட்சி. உள்ளே கம்பி பிடித்திருந்தால் சுவரை எடுத்தாலும் பிளேட் நிற்கும். பிடிக்காமல் இருந்தால், இத்தனை நாளும் அதை நிறுத்தி வைத்திருப்பது அந்தக் குத்துக்கல் சுவர். எது என்று எனக்குத் தெரியாது. அவர்களுக்கும் தெரியாது.

சூசைப்பிள்ளை வாயைத் திறந்தார். திரேசம்மா முந்திக்கொண்டார். "பொறுங்கோ சம்பந்தி." பிறகு கணபதிப்பிள்ளையைப் பார்த்தார். "அண்ணை, நான் தைச்சுக் குடுத்த சட்டையில ஆரும் குறை சொன்னா அவையளுக்கு முன்னாலேயே உள்பக்கம் புரட்டிக் காட்டுவன். தையல் சரியெண்டா எனக்கென்ன பயம்? உங்கட கம்பி சரியெண்டா உங்களுக்கென்ன பயம்?"

கணபதிப்பிள்ளைக்கு அது உறைத்தது. "பயமோ? எனக்கோ? அந்த அலவாங்கைத் தாடா," என்றார்.

அறைக்கு மேலே உள்ள பகுதியைத் தொட வேண்டாம் என்றேன். பிளேட் சுவருக்கு வெளியே மழைக்குக் குடை மாதிரி நீண்டிருந்தது. அந்த விளிம்பை உடைத்தால் வீட்டுக்குச் சேதம் இல்லை. கம்பியின் நுனியும் அங்கேதான் இருக்கும். ஏணி வைத்தார்கள். மேசன் உளியால் கொத்தத் தொடங்கினான். கணபதிப்பிள்ளை ஏணியில் பாதி ஏறி நின்று, அப்படிக் கொத்தாதே, இப்படிக் கொத்து என்று சொல்லிக்கொண்டிருந்தார். பிறகு உளியைத் தானே வாங்கிக்கொண்டார்.

கொங்கிறீட் நல்ல கொங்கிறீட். உடைய நேரம் எடுத்தது. கடைசியில் ஒரு துண்டு விழுந்தது. அது கம்பியோடு ஒட்டிக்கொண்டு வரவில்லை. கொட்டையிலிருந்து கழன்ற பழத்தோல் போலக் கழன்று விழுந்தது. நான் எடுத்துப் பார்த்தேன். உட்புறத்தில் றோப்பின் முறுக்கு அப்படியே பதிந்து மினுங்கியது. கிரீஸ் இன்னும் ஈரமாக இருந்தது. திரேசம்மா அதை என் கையிலிருந்து வாங்கித் தடவிப் பார்த்து, விரலைச் சேலைத் தலைப்பில் துடைத்தார்.

கணபதிப்பிள்ளை மேலே நீட்டிக்கொண்டு நின்ற றோப்பின் நுனியைப் பிடித்தார். இழுத்தார். அசையவில்லை. "பாத்தியளோ?" என்றார். பிறகு, றோப்பை அறிந்தவர் ஆகையால், முறுக்கின் போக்கில் அதைத் திருகினார். றோப் திரும்பியது. இன்னொரு தரம் திருகினார். திருகாணி கழல்வதுபோல அது பிளேட்டுக்குள்ளிருந்து வெளியே வரத் தொடங்கியது.

உள்ளே நின்ற பிலோமினா, "மாமா, இஞ்ச மண் கொட்டுது!" என்று கத்தினாள். முன் அறை முகட்டில் அந்த மஞ்சள் வரிசைகளில் ஒன்றின் வழியே சுண்ணாம்புத் தூள் கோடு கோடாக உதிர்ந்துகொண்டிருந்தது.

கணபதிப்பிள்ளை கையை எடுத்தார். ஏணியிலிருந்து இறங்கினார். எங்களில் யாரையும் பார்க்கவில்லை. குசினிப் பக்கம் திரும்பி, "பூரணம், பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வெளியில வா," என்றார்.

"உலை கொதிக்குதப்பா."

"கொதிக்கட்டும். வா."

அன்று மாலையே கட்டில்களைப் பின் விறாந்தைக்கு மாற்றிவிட்டார்கள். கூடத்திலும் அறையிலும் பனைக் குற்றிகளை முட்டாக நிறுத்தும் வரை யாரும் உள்ளே போகவில்லை. சூசைப்பிள்ளை மேசனுக்குக் கூலி கொடுத்து அனுப்பினார். சுவரைப் பற்றிப் பேசவில்லை.

4. கிடுகு

இனி ஒரு கேள்விதான் இருந்தது. மூன்றாவது ஓலைக்கு முன் திரேசம்மாவிடம் வீடு இருக்குமா?

நான் இரண்டாவது அறிக்கை எழுதினேன். காணி சுத்தம். சுற்றுச் சுவர்கள் நேராகவும் உலர்ந்தும் இருக்கின்றன. அடியில் உப்புப் பூக்கவில்லை. கோடையிலும் கிணற்று நீர் நல்லது. அந்தத் தண்ணீரில் பருப்பு அவிகிறது என்று பூரணம் சொன்னார், சவர்க்காரம் நுரைத்ததை நான் பார்த்தேன். முன் அறைப் பிளேட்டை அகற்றிவிட்டு ஓடு போடுவதானால் கடன் கொடுக்கலாம். மனேச்சர் கையெழுத்து வைத்தார்.

விலையைக் கணபதிப்பிள்ளை தானே குறைத்தார். பிளேட்டைத் தானே இறக்கித் தருவதாகவும் சொன்னார். கூலிக்கு ஆள் பிடித்து மேலிருந்து உடைத்துக் கொட்டச் சொன்னவர்கள் இருந்தார்கள். அப்படிச் செய்தால் கீழே உள்ள சுவர்களும் போகும். அவர் முட்டுகளை இறுக்கி, பிளேட்டைச் சதுரம் சதுரமாக வெட்டி, மூன்று மரங்களால் முக்காலி நட்டுக் கப்பி போட்டு ஒவ்வொன்றாக இறக்கினார். கட்டி இறக்கியது அதே றோப்பால்தான். நான் பார்க்கப் போன நாளில் அதைத் தட்டிக் காட்டினார்.

"கம்பியில குறை இல்லை தம்பி. இது தொங்குறதுக்கெண்டு செய்த கம்பி. நான் படுக்கப் போட்டுட்டன்."

வேலை குறித்த நாளுக்குள் முடிந்தது. ஓடு மட்டும் வரவில்லை. சீமெந்து, இரும்பு, ஓடு எல்லாவற்றுக்கும் பெர்மிட்டும் வரிசையும் இருந்த காலம் அது. மூன்றாவது ஓலை வாசித்தாகிவிட்டது. முன் அறைக்கும் கூடத்துக்கும் மேலே வானம் தெரிந்தது. மாப்பிள்ளை துறைமுக இழுவைப் படகில் வேலை செய்த பையன். அவனும் கூட்டாளிகளும் வந்து பனைமரச் சட்டம் ஏற்றி, பின்னிய தென்னோலைக் கிடுகு வேய்ந்தார்கள்.

வீட்டு உறுதிப் பத்திரம் எழுதிய அன்று சூசைப்பிள்ளை வந்து வாசலில் நின்று அண்ணாந்து பார்த்தார்.

"ரீச்சர், நாங்கள் பேசினது பிளேட் வீடு. இப்ப கிடுகு வீட்டிலேயோ எங்கட பெடியன் மாப்பிள்ளையா வந்து ஏறுறது? ஊர் என்ன சொல்லும்?"

அவர் வேண்டாம் என்று சொன்னால் அந்த இடத்திலேயே எல்லாம் நின்றுவிடும். எங்கள் ஊரில் அதைவிடச் சின்னக் காரணத்துக்கும் கலியாணங்கள் நின்றிருக்கின்றன. பிலோமினா உள்ளே அலுமாரிக் கதவைப் பிடித்தபடி நின்றாள்.

திரேசம்மா உறுதியை மடித்துக் கைப்பைக்குள் வைத்தார். பிறகு சொன்னார்:

"சம்பந்தி, கிடுகு விழுந்தாத் தலைமயிர் கலையும். பிளேட் விழுந்தாத் தலை போகும். உங்கட பெடியனுக்கு எது வேணுமெண்டு அவனையே கேளுங்கோ."

கிடுகுக் கயிற்றை முடிந்துகொண்டிருந்த மாப்பிள்ளை மேலே இருந்து, "பெரியப்பா, மழைக்கு முதல் ஓடு வந்திடும். நீங்கள் கீழ நிக்காமல் அந்தக் கயித்தை இஞ்சால எறியுங்கோ," என்றான்.

சூசைப்பிள்ளை கயிற்றைப் பார்த்தார். குனிந்து எடுத்து எறிந்தார். கலியாணம் நடந்தது. ஓடு, மழை கொண்டுவரும் வாடைக்காற்றுக்குச் சற்று முன் வந்தது.

அதன் பிறகு பல வருடங்கள் வீடு பார்த்தேன். போகும் வீட்டில் வீட்டுக்காரர் எதை முதலில் காட்டினாரோ, அதையே நானும் முதலில், அதிக நேரம் எடுத்துப் பார்த்தேன். வீட்டின் மற்றக் குறைகள் எப்படியோ வெளியே வந்துவிடும். கிணறு கோடையில் உவர்க்கும், வாடைக்குப் பின்சுவர் நனையும் என்று விலை பேசும்போது அவர்களே சொல்வார்கள், சொல்லாவிட்டால் அயலவர் சொல்வார்கள். விற்கிறவர் பெருமைப்படுவதும் வாங்குகிறவர் ஆசைப்படுவதும் ஒரே பொருளாக இருந்தால், அதை மட்டும் யாரும் அண்ணாந்து பார்ப்பதில்லை.